மெழுகுவத்தியில் ஒட்டிய பொட்டலம்

ஜீப்பின் முன்சீட்டை எனக்காகவே பிடித்து வைத்திருந்த என் வெள்ளையன் அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில், உங்களுக்குப் போட்ட படையலைப் பிரித்துக் கொடுத்தபோது, என் இலையில் விழுந்த எல்லாவற்றையும் வழித்துத் தின்றேன். சாமைச் சோறு, கறிக்குழம்பு, உங்களுக்குப் பிடிக்குமென்று தியாகதுருகத்திலிருந்து யாரோ வாங்கி வந்திருந்த பரோட்டா, ஒன்றையும் விடவில்லை. ஒரு வருஷமாகச் சோறு தொண்டையில் நின்று நின்று இறங்கியது எனக்கு. அன்றைக்குத்தான் அது பாட்டுக்கு இறங்கியது. அண்ணி இரண்டாம் தடவை குழம்பு ஊற்ற வந்தபோதும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களைக் கொன்றது நான்தான் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணே. போன ஞாயிற்றுக்கிழமை வரை என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த நினைப்பு வரும். சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

இப்போது அது இல்லை என்று ஆகிவிட்டது. நான் கொல்லவில்லை. இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கொல்லவில்லை.

இதை நீங்கள் மட்டும் படிக்கப்போவதில்லை. அதனால் கொஞ்சம் முதலிலிருந்தே வருகிறேன். நீங்கள் அவசரப்படாத ஆள்தானே? கச்சிராயபாளையத்தில் ஒரு சவாரி குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டீர்கள்.

பதினோரு வருஷம் உங்கள் ஜீப்பில் மலையேறினேன். திங்கள்கிழமை காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் பஸ், கச்சிராயபாளையத்தில் இறங்கினால் உங்கள் ஜீப். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் பாடம், பக்கத்திலேயே தங்க ஓர் ஒற்றை அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் உங்கள் ஜீப். முன்சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "டீச்சர் எடம்பா, எந்திரி எந்திரி" என்பீர்கள். ஒரு தடவை அப்படி எழுப்பிவிட்டது எங்கள் தலைமையாசிரியரை. அவர் பின்னால் போய்ப் பலாப்பழ மூட்டைமேல் உட்கார்ந்து வந்தார். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நான் அப்போது நல்ல கனம். ஜீப்பிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூட மேட்டை ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று, வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவேன். அந்தச் சமயத்தில்தான் போனில் ஒருவர் பேசியதைப் பார்த்து, சமைக்காத உணவு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அடுப்பிலேயே ஏற்றாமல் சாப்பிடுவது. பழம், காய், முளைகட்டின பயறு, தேங்காய், ஊறவைத்த நிலக்கடலை, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் நீங்கள் வளைவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"இன்னா டீச்சர், எங்க வூட்டு ஆட்டோட சேந்து மேஞ்சிக்கினு இருக்கப் போறீங்களா?"

சிரித்ததில் தப்பில்லை. முதல் தடவை நான்கு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில், அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், மிளகாய் பஜ்ஜி போடுகிற வாசனையில் விழுந்தேன். இரண்டாம் தடவை ஒன்பது நாள். மலைமேல் என் அறையில் பிரிட்ஜ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கட்டி வைத்த முளைப்பயறு புதன்கிழமை நாறும், வெள்ளரி வியாழக்கிழமை துவளும். கூடவே நாக்கு மொறுமொறுவென்று எதையாவது கேட்கும். வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடச் சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்டால் என் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

அப்புறம்தான் அந்த மெஷினை வாங்கினேன். ஆனி மாதம், போனில் ஆர்டர் போட்டு. வட்டமாக ஐந்து தட்டு, ஒன்றின்மேல் ஒன்று. அடியில் ஒரு ஹீட்டர், ஒரு விசிறி. சூட்டை நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்திவிட்டால் காய் வேகாது, ஈரம் மட்டும் போகும். அதனால் சமைக்காத உணவு என்கிற பேரும் கெடாது. என் வீட்டுக்காரர் அதற்கு வத்தல் மெஷின் என்று பேர் வைத்தார். "மாடியில போட்டா சும்மா காயும். இதுக்கு கரண்டு வேற" என்று நீங்களும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டீர்கள்.

ஐப்பசி வந்ததும் இரண்டு பேர் வாயும் மூடியது. எங்கள் தெருவில் யார் வீட்டு வடகமும் காயவில்லை, என் தட்டுகள் மட்டும் மழைக்குள்ளே காய்ந்துகொண்டிருந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெஷின் முனகிக்கொண்டே கிடக்கும். தக்காளி, வெங்காயம், பீட்ரூட், பாகற்காய், முளைப்பயறும் ஆளிவிதையும் சேர்த்து அரைத்துத் தட்டிய மெல்லிய ரொட்டி, வாழைப்பழச் சீவல். திங்கள்கிழமை கிளம்பும்போது ஐந்து நாள் சாப்பாடு பையில் காற்றைப்போல் இருக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடாது, கடித்தால் மொறுமொறுக்கும். எட்டு மாதம் தாக்குப்பிடித்தேன் அண்ணே. பள்ளிக்கூட மேட்டை நிற்காமல் ஏறினேன்.

பொட்டலம் கட்டுவதில் எனக்கு ஒரு முறை உண்டு. பிளாஸ்டிக் கவரின் வாயை மெழுகுவத்திச் சுடரில் ஓட்டி எடுத்து, சூடு ஆறுவதற்குள் பெருவிரலால் அழுத்துவேன். என் ரேகை அதில் பதிந்துவிடும். மேலே ஒரு சின்னத் தாளை ஒட்டிப் பண்டத்தின் பேர், கிழமை, தேதி எல்லாம் எழுதுவேன். டீச்சர் புத்தி.

"எனக்கு?" என்று நீங்கள் கேட்டது முதல் வாரமே. அன்றிலிருந்து திங்கள்கிழமைதோறும் உங்களுக்கு ஒரு பொட்டலம். நீங்களும் சும்மா வாங்கவில்லை, மலை வாழையும் அன்னாசியும் கொய்யாவும் சீட்டுக்குப் பின்னால் எனக்காக வைத்திருப்பீர்கள். ஆனால் நான் கொடுத்ததோடு விடமாட்டேனே? வீட்டுப்பாடம் கேட்பதுபோல் கேட்பேன். தின்னீங்களா, உப்பு எப்படி, மொறுமொறுப்பு இருந்ததா? நீங்களும் ஒன்றுவிடாமல் சொல்வீர்கள். "பாவக்கா கசப்பே தெரில டீச்சர், இன்னா மாயம் பண்ணீங்க?" "பீட்ரூட்டு தின்னு நாக்கெல்லாம் செவந்துபோச்சி, எங்க வூட்டுல வெத்தல போட்டியான்னு கேக்குறா." நான் பூரித்துப்போவேன். அடுத்த சனிக்கிழமை இன்னும் இரண்டு கிலோ சேர்த்து நறுக்குவேன்.

மெஷினால்தான் நான் தாக்குப்பிடித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் திங்கள்கிழமை காலை வண்டியில் ஏறினதும் "இந்த வாரம் இன்னா போட்டீங்க?" என்று நீங்கள் கேட்பீர்களே, அதற்கு வெறுங்கையோடு பதில் சொல்ல முடியாது என்பதும் ஒரு காரணம். அது இப்போதுதான் தெரிகிறது.

மாசி மாதம், சின்னசேலம் பக்கம் என் கொழுந்தனார் காட்டில் மரவள்ளி பிடுங்கினார்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கு. நாலைந்து கிழங்கை வீட்டுக்கும் கொடுத்தனுப்பி, "நல்லா வேகவச்சித் தின்னுங்க அண்ணி" என்று சொல்லியும் அனுப்பினார். எட்டு மாதம் அடுப்பில்லாமல் வாழ்ந்துவிட்ட திமிர் எனக்கு. எனக்குப்போய் வேகவைக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. மரவள்ளித் தழையை மேய்ந்த ஆடு வாயில் நுரை தள்ளிச் செத்துக்கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விஷம் தழையிலும் தோலிலும்தான், தோலைக் கனமாகச் சீவிவிட்டால் போதும் என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். சிறு வயதில் காட்டில் பச்சைக் கிழங்கைக் கடித்துத் தின்ற ஞாபகம் வேறு தைரியம் கொடுத்தது. அது வீட்டில் தின்கிற இனிப்புக் கிழங்கு, இது விஷம் கூடுதலான ஆலைக் கிழங்கு என்று யோசிக்கவில்லை. வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் போகிற விஷம், நாற்பத்தைந்து டிகிரியில் காயவைத்தால் போகாது என்பதும் எனக்குத் தெரியாது.

உங்களுக்காகத்தான் அதைச் செய்தேன். கச்சிராயபாளையம் கடையில் எண்ணெயில் பொரித்த மரவள்ளிச் சீவலை நீங்கள் பொட்டலம் பொட்டலமாக உள்ளே தள்ளுவீர்கள். பொரிக்காமலே அதேபோல் செய்து உங்களை அசத்தவேண்டும் என்று ஆசை. இரண்டு கிழங்கை மெல்லிசாகச் சீவி, உப்பு மிளகு போட்டு, ஒரு பகல் ஓர் இரவு காயவைத்தேன். ஒரே ஒரு சீவலைக் கடித்துப் பார்த்தேன். லேசாகக் கசந்தது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவினேன்.

திங்கள்கிழமை பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இறங்கும்போது வண்டியில் கூட்டம், கேட்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டேன்.

"கெழங்கு தின்னீங்களாண்ணே?"

"தின்னாம? பாதி காலி டீச்சர். மொறுமொறுன்னு இன்னா ஜோரா இருக்குது! மொளகு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மீதிய காலையில டீக்கு வெச்சிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் மச்சான் உங்களை அதே ஜீப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மலை இறங்கி முடிப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார்கள். நானும் அழுதேன், மாலை போட்டேன், மண் போட்டேன். அப்போதுகூட எனக்கு வேறெந்த நினைப்பும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, நீங்கள் கடைசியாகப் புகழ்ந்த பண்டமாயிற்றே என்று, கெடாமல் ஈரமண்ணில் புதைத்து வைத்திருந்த மீதிக் கிழங்கையும் சீவிக் காயவைத்தேன். ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு, உங்களை நினைத்துக்கொண்டே தின்றேன். ஒரு மணி நேரத்தில் தலை சுற்றியது. வாந்தி, மூச்சுத் திணறல், கை கால் நடுக்கம். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். இரண்டு நாள் படுக்கையில் இருந்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சரா நீங்க? பச்சை மரவள்ளியையா தின்னீங்க?"

"இதத் தின்னா நெஞ்சு நின்னுபோகுமா சார்?" என்று கேட்டேன்.

"ஜாஸ்தி தின்னா எது வேணா ஆகும்மா" என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் உங்கள் போன் பேச்சு என் காதில் திரும்பக் கேட்டது. பாதி காலி. மீதியை டீக்கு. அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "மாரடைப்புன்னு டாக்டரே சொல்லிட்டாரு இல்ல? நீ எதுக்கு நோண்டிக்கினு இருக்க? அந்தம்மா மனச ஏன் கெடுக்கற?" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். மெஷினைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன். பழையபடி இட்லிக்கும் சோற்றுக்கும் திரும்பினேன், அதுவும் இறங்கவில்லை. உங்கள் ஜீப்பை இப்போது உங்கள் மச்சான் ஓட்டுகிறார். நான் அதில் ஏறவில்லை. நேராக மலைக்குப் போகிற பஸ்ஸுக்காக அரை மணி, ஒரு மணி நின்றேன். வெள்ளிமலையில் அண்ணி எதிரில் வந்தால் செருப்பு வாரை மாட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். என்னை என்னவென்று நினைத்திருப்பார்கள்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் அண்ணியே போன் போட்டார்கள்.

"டீச்சர், அவருக்கு வருஷம் வருது. படையல்ல அவருக்குப் புடிச்சதெல்லாம் வெக்கணும். அந்த வாழப்பழத்த மிசின்ல காயவச்சிக் குடுப்பீங்களே, அது கொஞ்சம் கொண்டாரீங்களா?"

எந்த மெஷினால் உங்களுக்கு இந்த கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதே மெஷினிலிருந்து உங்களுக்குப் படையல். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பரணிலிருந்து இறக்கினேன். தட்டுகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பழத்தை வட்டமாக நறுக்கி அடுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டதும், அந்த முனகல் சத்தம் கேட்டதும், அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் முடிவு செய்தேன். இந்தப் பழத்தோடு அந்த உண்மையையும் கொண்டுபோய் அண்ணி கையில் கொடுத்துவிடுவது. அடித்தாலும் சரி, வாசலோடு துரத்தினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணி அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். "வாங்க வாங்க, இன்னா இப்பிடி எளைச்சிப் போயிட்டீங்க?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். ஆட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆலைக் கிழங்கு, கசப்பு, மிளகு, பொட்டலம், போன், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது, ஒரு வருஷமாகப் பார்க்காததுபோல் போனது. கடைசியில், "நான்தான் அண்ணி அண்ணனக் கொன்னுட்டேன்" என்றேன்.

அண்ணி கேட்டது இது ஒன்றுதான்.

"கெழங்குப் பொட்டலமா? மேல சீட்டு ஒட்டியிருப்பீங்களே, அதா?"

தலையாட்டினேன். அவர்கள் உள்ளே போனார்கள். டிரங்குப் பெட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஒரு பழைய மாவு டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் கல்மேல் வைத்து மூடியைத் திறந்தார்கள்.

உள்ளே என் கையெழுத்து. பீட்ரூட், திங்கள். பாகற்காய், திங்கள். முருங்கைக்கீரை ரொட்டி, திங்கள். பத்துப் பன்னிரண்டு பொட்டலம், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது மரவள்ளி. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் கவரின் அடி மடிப்பு, மறுபக்கம் மெழுகுவத்தியில் ஒட்டின வாய். அந்த வாயில் என் பெருவிரல் ரேகை அழுத்தினபடியே இருந்தது. என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. நான் அந்த ஒரு பொட்டலத்தைத் தவிர உங்களுக்கு வேறு மரவள்ளிப் பொட்டலம் கொடுத்ததில்லை அண்ணே.

"அவரு என்னிக்கு டீச்சர் இதெல்லாம் தின்னாரு?" என்றார்கள் அண்ணி. "வாழப்பழம், பலாப்பழம்னா வண்டியிலயே காலி. மத்தத சீட்டுக்கடியில தள்ளிக்கினு வந்தாரு. ஒருநாளு நான் ஆட்டுக்காவது போடறேன்னு எடுத்தேன். 'பாப்பா கையால பண்ணது, ஆட்டுக்குப் போடுவியாடி'ன்னு குதிச்சாரு."

"எந்தப் பாப்பா?"

"நீங்கதான். வெளியிலதான டீச்சரு. வூட்டுல எப்பவும் பாப்பாதான். பாப்பா கேட்டா சூப்பருன்னு சொல்லணும்டி, இல்லன்னா மூஞ்சி தொங்கிப்போகும்பாரு."

டின்னை ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஜீப்ப தம்பிக்குக் குடுக்கறப்ப சீட்டுக்கடியில இருந்து எடுத்தேன். நீங்க எப்பனா வூட்டுக்கு வந்து பாத்துட்டீங்கன்னா? அண்ணன் தின்னவே இல்லன்னு மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னுதான் உள்ள தள்ளினேன். இப்பிடி ஒண்ண மனசுல வெச்சிக்கினு இருக்கறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பனே."

உங்கள் கடைசிக் காலையைப் பற்றியும் சொன்னார்கள். நீங்கள் எதுவுமே தின்னவில்லையாம். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுத்தான் ஜீப்பைக் கழுவப் போனீர்களாம். "வியாழக்கெழமையே நெஞ்சு கரிக்குதுன்னாரு டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். சோடா குடிச்சேன், சரியாப்போச்சின்னாரு. நான் நம்பிட்டேன். அன்னிக்கே இழுத்துக்கினு போயிருந்தா..."

அப்படியானால் அண்ணியும் ஒரு வருஷமாக இதையேதான் சுமந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரித்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களிடம் சோடாவில் சரியாகிவிட்டது என்று, என்னிடம் கிழங்கு பாதி காலி என்று. அதைத்தான் அண்ணியிடம் சொன்னேன். "என்கிட்ட இவ்ளோ தத்ரூபமா பொய் சொன்ன மனுசன் அண்ணி. உங்களால எப்பிடிக் கண்டுபுடிச்சிருக்க முடியும்?" அண்ணி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பாகற்காய்ப் பொட்டலத்தை எடுத்து ஆட்டிக் காட்டி, "இதுக்கு இன்னா சொன்னாரு உங்ககிட்ட?" என்று கேட்டார்கள். கசப்பே தெரியவில்லை என்று சொன்னதைச் சொன்னேன். இரண்டு பேரும் ஆட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தோம் அண்ணே. அழுதுகொண்டேதான், ஆனால் சிரித்தோம். மசாலா அப்படியே கிடந்தது.

ஒன்று கேட்கவேண்டும். மிளகு கொஞ்சம் ஜாஸ்தி என்றீர்களே, பிரிக்காமல் எப்படித் தெரிந்தது? கவர் வழியாகவே பார்த்தேன், கருப்புக் கருப்பாகப் புள்ளி தெரிகிறது. அதை வைத்துச் சொன்னீர்களா? அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஒரு வருஷம் நம்பவைத்தது. திட்டவேண்டும் போலிருக்கிறது. அண்ணி சொன்னதைக் கேட்டபிறகு திட்டவும் வாய் வரவில்லை. ஆட்டுக்குப் போடவிடாமல் தடுத்தீர்களே, உங்கள் அந்த வீம்பால்தான் கொட்டகை தப்பித்தது.

படையலுக்கு முன்னாலேயே அந்தக் கிழங்கை ஒழித்துவிட்டோம். கொட்டகைக்குப் பின்னால் முழங்கை ஆழத்துக்கு நான் தோண்டினேன், அண்ணி மேலே பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டிப் போட்டார்கள், ஆடோ பன்றியோ கிளறிவிடாமல். மேலே ஒட்டியிருந்த தாளை மட்டும் நான் கிழித்து எடுத்துக்கொண்டேன். அது இப்போது என் பைபிளுக்குள் இருக்கிறது. பிறகு இலை போட்டார்கள். உங்கள் பீடிக்கட்டு, டீ டம்ளர், பரோட்டா, குழம்பு, அவற்றுக்கு நடுவில் என் வாழைப்பழச் சீவல். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் என் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டு நின்றேன். மனசில் ஜெபம் எதுவும் வரவில்லை. நல்லவேளை நீங்கள் தின்னவில்லை, நல்லவேளை நீங்கள் தின்னவில்லை என்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் உங்கள் ஜீப்பிலேயே இறங்கினேன். முன்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உங்கள் மச்சான் என்னைப் பார்த்ததும், "டீச்சர் எடம்பா" என்று அவரை எழுப்பப் போனார். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் காற்று நன்றாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் பிரிக்காத பொட்டலத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது, என்னிடம் காட்டவில்லை. அன்றைக்கு ராத்திரியே அவர் போய் மார்க்கெட்டில் தக்காளி வாங்கி வந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். இந்த வாரத்திலிருந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். பழைய தீவிரம் இல்லை. காலையும் மத்தியானமும் தட்டில் காய்ந்தது, பழம், பயறு. ராத்திரிக்கு மட்டும் அடுப்பில் வெந்த சோறோ இட்லியோ. நேற்று பள்ளிக்கூட மேட்டில் ஒரே இடத்தில்தான் நின்றேன். அதுவும் உங்கள் ஜீப் வருகிறதா என்று பார்க்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி மரவள்ளி என் வீட்டில் நன்றாக வெந்து, வடித்த பிறகுதான் வாய்க்குப் போகும். தட்டில் எதைப் புதிதாக அடுக்குவதாக இருந்தாலும், தெரிந்தவர்களிடம் கேட்காமல் சுவிட்சைப் போட மாட்டேன். மாதம் தவறாமல் அண்ணிக்கு ஒரு வாழைப்பழப் பொட்டலம் வரும், மெழுகுவத்தியில் ஒட்டி, ரேகை வைத்து. அவர்கள் தின்னலாம், பெட்டிக்கு அடியில் தள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தின்னீங்களா என்று மட்டும் நான் இனி யாரையும் கேட்கமாட்டேன் அண்ணே. இது சத்தியம்.

இப்படிக்கு,
பதினோரு வருஷம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தும் நீங்கள் வீட்டில் வைத்த பேரைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்ட,
உங்கள் பாப்பா
(வயது ஐம்பத்தொன்று)